மன்னர் சித்தமும் நோயாளியின் சித்தமும்

குற்றம் செய்தவனுக்குச் சிறை, நோயுற்றவனுக்கு மருத்துவமனை. இவ்வளவு வரையில் உலகத்தார்க்கு ஐயம் எழுவதில்லை. நோயின் வயப்பட்டே ஒருவன் குற்றம் செய்துவிட்டால் அவனை எங்கே வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்று கேட்கும்போதுதான் சட்டமும் மருத்துவமும் ஒன்றன் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இங்கிலாந்து இக்கேள்விக்கு 1800-ஆம் ஆண்டில், ஒரே இரவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஒட்டி விடை கண்டது. அவசரத்தில் கண்ட விடை. அது சரிதானா என்று எவரேனும் எண்ணிக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவும் ஆராய்ச்சியாளர் எவரும் விரும்பித் தொடங்கியதன்று. நீதிமன்றத் தீர்ப்பொன்று வலிந்து ஏற்படுத்திய வாய்ப்பு.

நாடகக் கொட்டகையில் ஒரு வேட்டு

1800, மே மாதம் 15-ஆம் நாள். இலண்டன் துரூரி லேன் நாடக அரங்கிற்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வந்து தமக்குரிய மாடத்தில் அடியெடுத்து வைத்தார். கீழே நின்ற கூட்டத்திலிருந்து ஒருவன் கைத்துப்பாக்கியை உயர்த்திச் சுட்டான். குறி தவறிற்று. மன்னருக்கு ஓர் ஊறும் இல்லை.

சுட்டவன் பெயர் ஜேம்ஸ் ஹாட்பீல்டு. பழைய போர்வீரன். 1794-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையோடு நடந்த போரில் தலையில் பல வாள்வெட்டுகள் பட்டு உயிர் தப்பியவன். அதன்பின் அவன் உள்ளத்தில் ஒரு விந்தையான நம்பிக்கை குடிகொண்டது: தான் இறந்தால்தான் கிறிஸ்து மீண்டும் உலகில் தோன்றுவார், ஆனால் தன் கையால் தன் உயிரைப் போக்கிக்கொள்வது பாவம். ஆகவே அரசே தன்னைத் தூக்கிலிடும்படி ஏதேனும் செய்ய வேண்டும்! மன்னரைக் கொல்ல முயல்வது இராசத்துரோகம். அதற்குத் தண்டனை மரணம். எவ்வளவு ஒழுங்காகத் திட்டமிட்டிருக்கிறான் என்று பாருங்கள். அன்றைய சட்டத்துக்கு இந்த ஒழுங்குதான் பெரிய இடராய் இருந்தது. புத்தி முற்றும் அழிந்து, காட்டு விலங்குபோல் ஆகிவிட்டவனைத்தான் சட்டம் பித்தன் என்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஹாட்பீல்டோ துப்பாக்கி வாங்கினான், வேளை பார்த்தான், இடம் பார்த்தான்.

அவனுக்காக வாதாடியவர் தாமஸ் எர்ஸ்கின் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர். ஒருவன் மற்றெல்லாவற்றிலும் தெளிவாகச் சிந்திக்கலாம், அச்சிந்தனைக்கு அடித்தளமாய் நிற்கும் நம்பிக்கை மட்டும் பொய்த்தோற்றமாய் இருக்கலாம், அதுவே உண்மையான பித்து என்று அவர் எடுத்துரைத்தார். மருத்துவர்களும் சாட்சி சொன்னார்கள். தலைமை நீதிபதி கென்யான் பிரபு வழக்கை இடையிலேயே நிறுத்தினார். ஜூரர்கள் குற்றவாளி அல்லன் என்று தீர்ப்புக் கூறினர்.

தீர்ப்புக் கூறியாயிற்று. இனி இவனை என்ன செய்வது? குற்றமற்றவன் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியவன். மன்னரைச் சுட்டவனை வீட்டுக்கு அனுப்ப யார் துணிவர்? சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, ஏற்கெனவே முடிந்துபோன ஹாட்பீல்டின் வழக்குக்கும் அது பொருந்தும்படி செய்துவிட்டது. பித்தின் காரணமாக விடுவிக்கப்படுவோரை, 'மன்னர் சித்தம் தெரியும் வரை' காவலில் வைக்கலாம் என்பது அச்சட்டம்.

நோயாளியின் சித்தம் தெளிந்தாலும் மன்னர் சித்தம் தெரிய வேண்டும்! திருடனுக்குத் தண்டனைக் காலம் உண்டு, கொள்ளையனுக்கும் உண்டு. குற்றமற்றவன் என்று தீர்ப்பான இவனுக்கு மட்டும் நாள் குறிக்கப்படவில்லை. ஹாட்பீல்டு பெத்லெம் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்பட்டான். 1802-இல் தப்பியோடி, பிரான்சு செல்லும் கப்பலுக்காக டோவர் துறைமுகம் வரை சென்று பிடிபட்டான். சில காலம் நியூகேட் சிறையில் கிடந்து, 1816-இல் பெத்லெமுக்கே திரும்பினான். அவ்வாண்டில்தான் அரசாங்கச் செலவில் இத்தகையோர்க்கென்று அவ்விடுதியில் தனிக்கட்டடங்கள் எழுந்தன. 45 ஆண்களுக்கும் 15 பெண்களுக்கும் இடம். 1841-இல் ஹாட்பீல்டு அங்கேயே மாண்டான். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அதற்கு இருபத்தோராண்டு முன்பே காலமாகிவிட்டார்.

தெளிந்தவனும் அடைபட்டான்

ஹாட்பீல்டின் கதையைவிட எட்வர்டு ஆக்ஸ்போர்டின் கதை இதனை நன்கு விளக்கும். 1840 ஜூன் மாதத்தில், பதினெட்டு வயது இளைஞனாகிய அவன், வண்டியில் சென்ற விக்டோரியா அரசியாரை நோக்கி இருமுறை சுட்டான். அரசியாருக்குக் காயமில்லை. பித்தன் என்று தீர்ப்பாகிப் பெத்லெமுக்குப் போனான். அங்கே அவன் என்ன செய்தான்? பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், இலத்தீன் எனப் பல மொழிகளைக் கற்றான். வயலின் வாசிக்கப் பழகினான். சதுரங்கத்தில் வல்லவனானான். மரத்துக்கு வண்ணம் தீட்டும் தொழிலைக் கற்றுக் கைத்தேர்ச்சி பெற்றான். பித்தின் குறி எதுவும் அவனிடம் காணவில்லை என்று மருத்துவர்களே எழுதி வைத்தனர். ஆயினும் கதவு திறக்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1867-இல், குடியேற்ற நாடொன்றுக்குப் போய்விட வேண்டும், இங்கிலாந்துக்குத் திரும்பலாகாது என்ற நிபந்தனையோடு விடுவித்தார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஜான் பிரீமன் என்ற புதுப்பெயரோடு வாழ்ந்து, அந்நகர வாழ்க்கையைப் பற்றி 1888-இல் ஒரு நூலும் வெளியிட்டு, 1900-ஆம் ஆண்டில் இறந்தான். வெளியே வந்தபின் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. இந்த உண்மை பெத்லெமில் இருந்தவரை எவருக்கும் தெரிய வழியில்லை, திறந்துவிட்டால்தானே தெரியும்?

இதற்கிடையே 1843 ஜனவரி 20-ஆம் நாள், கிளாஸ்கோ நகரத்து மரக்கடைசல் தொழிலாளி டேனியல் மக்னாட்டன், பிரதமர் ராபர்ட் பீலின் அந்தரங்கச் செயலர் எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டான். ஐந்து நாளில் டிரம்மண்ட் இறந்தார். ஆளுங்கட்சியினர் தன்னை ஓயாது பின்தொடர்ந்து துன்புறுத்துகின்றனர் என்பது மக்னாட்டனின் மனப்பிரமை. அவனும் பித்தன் என்று விடுவிக்கப்பட்டான். நாடு கொதித்தது; அரசியாரும் சினந்தார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துக் கேள்விகள் கேட்டது. அவர்கள் அளித்த விடையே 'மக்னாட்டன் விதிகள்' எனப் பெயர் பெற்றது: செயலின் தன்மையையேனும், அது தவறு என்பதையேனும் அறியமாட்டாத நிலையில் ஒருவன் இருந்தானா என்பதே உரைகல்.

அவ்விதிகளின் சாயல் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 84-ஆம் பிரிவில் படிந்தது. அச்சட்டம் 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்துக்கு முன்மாதிரி ஆயிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் சித்த சுவாதீனம் பற்றிய பிரிவுக்கு எண் 84 தான். சிங்கப்பூர் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அதன் வாசகத்தை விரிவாக்கியது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், இவ்வாறு விடுவிக்கப்பட்டவரை மாநில ஆட்சியாளரின் சித்தம் உள்ளவரை மனநோய் மருத்துவமனையில் வைத்திருக்கலாம் என்ற வாசகம் இருக்கிறது. துரூரி லேன் அரங்கில் வெடித்த வேட்டின் எதிரொலி தஞ்சோங் ரம்புத்தான் வரை கேட்கிறது என்றால் அது மிகையாகாது.

பிராட்மூர்

பெத்லெமில் இடம் போதவில்லை. 1860-இல் இயற்றிய சட்டத்தின்படி, பெர்க்ஷயர் வட்டாரத்துக் குரோதார்ன் சிற்றூரில், 1863 மே மாதம் பிராட்மூர் விடுதி திறக்கப்பட்டது. திட்டம் வகுத்தவர் சர் ஜோஷுவா ஜெப். பென்டன்வில் சிறைச்சாலையைக் கட்டிய அதே படைப் பொறியாளர். முதலில் வந்து சேர்ந்தோர் பெண்கள். பிள்ளைப்பேற்றை ஒட்டி மனம் பேதலித்துத் தம் சிசுவைக் கொன்ற தாய்மார் அவர்களுள் பலர். ஆண்கள் மறு ஆண்டில் வந்தனர். ஆக்ஸ்போர்டும் மக்னாட்டனும் அவர்களுள் இருவர். மக்னாட்டன் ஓராண்டில் இறந்தான்.

சிறைக் கட்டடக்காரர் கட்டியதாயினும், உள்ளே நடந்தது முற்றும் சிறையாட்சி அன்று. பண்ணை, தோட்டம், தச்சுக்கூடம், தையற்கூடம், துணிவெளுக்கும் கூடம் எல்லாம் இருந்தன. மருந்தென்று சொல்லத்தக்க மருந்து மனநோய்க்கு இல்லாத காலம் அது. வேலையும் ஒழுங்கும் காற்றும் வெளிச்சமுமே மருந்து. முதல் தலைமை மருத்துவர் ஜான் மெயர் 1866-இல் கோயில் வழிபாட்டின்போது நோயாளி ஒருவனால் கல்லால் தாக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த வில்லியம் ஆரஞ்சும் 1882-இல் தாக்குண்டு, நான்காண்டில் ஓய்வு பெற்றார். இவ்விடத்துப் பணி எளிதென்று எண்ணுவோர் இவ்விரண்டு செய்திகளையும் நினைவிற் கொள்வது நலம். தாக்குண்ட ஆரஞ்சுதான் அதற்குமுன் விடுதியின் வாழ்க்கையைத் தளர்த்தி, பொழுதுபோக்குகளுக்கு இடமளித்தவர்.

அங்கே வாழ்ந்தோருள் உலகறிந்தவர் டாக்டர் வில்லியம் மைனர். அமெரிக்கப் படையில் அறுவை மருத்துவராய் இருந்தவர். 1872-இல் இலண்டனில், தம்மைத் தாக்க வந்தவன் என்ற பிரமையால், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏழைத் தொழிலாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். பிராட்மூரில் அவருக்கு இரண்டு அறைகளும் நூல்களும் வைத்துக்கொள்ள இசைவு கிடைத்தது. அந்த அறைகளிலிருந்தே ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்குப் பல்லாயிரம் மேற்கோள்களைத் தொகுத்து இருபது ஆண்டுகள்போல் அனுப்பிவந்தார். பகலில் சொற்களைத் தேடினார்; இரவில் பகைவர் வருவதாக அஞ்சினார். பணி நோயைப் போக்கவில்லை. ஆனால் நோய்க்கு நடுவே ஒரு மனிதரை நிலைநிறுத்தியது. 1910-இல் உள்துறை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப உத்தரவிட்டார்.

எனினும் மைனருக்குக் கிடைத்த புத்தகங்கள் நல்ல மருத்துவ அதிகாரியின் மனப்போக்கால் கிடைத்தவை. வேறோர் அதிகாரி வந்தால் அவை போகலாம். எது நோயாளிக்கு நன்மை செய்கிறது, எது செய்யவில்லை என்று எவரும் முறையாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. விடுதியின் வெற்றி ஒன்றே ஒன்றால் அளக்கப்பட்டது: எவனும் தப்பவில்லை.

1952-இல் ஒருவன் தப்பினான். வெளியே இருந்த சில மணி நேரத்துள் ஒரு சிறுமி கொலையுண்டாள். அதன்பின் சுற்று வட்டாரத்து ஊர்களில் அபாயச் சங்குகள் நிறுவப்பட்டு, திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஒலித்துச் சோதிக்கப்பட்டன. அண்மைக் காலம் வரை இவ்வழக்கம் இருந்தது. 1962-இல் பதினான்கு வயதில் உள்ளே வந்த கிரகாம் யங், குடும்பத்தாருக்கு நஞ்சூட்டியவன். குணமடைந்தான் என்று 1971-இல் வெளியே விட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் உடன் உழைத்தோருக்குத் தேநீரில் தால்லியம் கலந்து கொடுத்தான். இருவர் மாண்டனர். ஆக்ஸ்போர்டைப் பூட்டி வைத்ததும் தவறு. யங்கைத் திறந்துவிட்டதும் தவறு. இரண்டிலும் முடிவு செய்தோர் கற்றறிந்த மருத்துவர்களும் அமைச்சர்களுமே. அச்சம் வீணன்று என்பதை யங் காட்டினான். ஆனால் யாரைக் கண்டு அஞ்சுவது என்பதை அச்சம் சொல்லவில்லை.

தண்டனை முடிந்தும் முடியாதவர்

இந்நிலையில், வேறொரு நாட்டில், எவரும் நடத்தத் துணியாத சோதனை ஒன்று தானே நடந்தது. அது நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம்.

அம்மாநிலத்தில் குற்றப் பின்னணியுடைய மனநோயாளிகளுக்கென்று இரண்டு நிலையங்கள் இருந்தன: மாட்டவான், டன்னமோரா. பெயர்தான் மருத்துவமனை, நிருவாகம் சிறைத்துறையைச் சேர்ந்தது. சிறையில் தண்டனை அனுபவிக்கும் ஒருவருக்கு மனநோய் கண்டால் டன்னமோராவுக்கு அனுப்புவர். அதில் தவறில்லை. தண்டனைக் காலம் முடிந்தபின்னும் அங்கேயே வைத்துக்கொள்வர் என்பதே தவறு.

ஜானி பாக்ஸ்ட்ராம் என்பவர் 1959-இல் ஒருவரைத் தாக்கிய குற்றத்துக்காக இரண்டரை முதல் மூன்றாண்டுத் தண்டனை பெற்றார். 1961 ஜூன் மாதத்தில் சிறை மருத்துவர் அவரைப் பித்தர் என்று சான்றளிக்க, டன்னமோராவுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் தண்டனை முடிந்தது. ஆனால் அவர் வெளியே வரவில்லை. சிறிய விசாரணை ஒன்று நடந்தது. வழக்கறிஞர் துணையின்றித் தனியே நின்ற பாக்ஸ்ட்ராமுக்குச் சில கேள்விகள் கேட்க வாய்ப்பளித்து, அதே இடத்தில் தொடர்ந்து வைக்க ஆணையிட்டனர். சாதாரண மனநோய் மருத்துவமனைக்கு அவர் ஏற்றவர் அல்லர் என்று மனநலத் துறை அவரைக் கேளாமலே முடிவு செய்திருந்தது. குற்றப் பின்னணி இல்லாத ஒருவரை அம்மாநிலத்தில் மனநோயாளி என்று அடைப்பதானால், அவர் ஜூரர் முன் மறுவிசாரணை கோரலாம். ஆபத்தானவர் என்று நீதிமன்றம் காணாமல் சிறைத்துறை நிலையத்துக்கு அவரை அனுப்ப இயலாது. இவ்விரண்டும் பாக்ஸ்ட்ராமுக்கு மறுக்கப்பட்டன.

வழக்கு மேலே மேலே சென்றது. 1966 பிப்ரவரி 23-ஆம் நாள் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: தண்டனை முடிந்தவன் மற்றக் குடிமகனைப் போன்றவனே; அவனுக்கு மட்டும் வேறு விதி வைப்பது சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் நெறிக்கு முரண்.

பாக்ஸ்ட்ராம் ஒருவருக்காகச் சொன்ன தீர்ப்பு, அவரைப்போலவே தண்டனை முடிந்தும் அடைபட்டுக் கிடந்த எல்லோரையும் தொட்டது. அவர்கள் எத்தனை பேர்? 967 பேர்! சராசரியாக ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அடைபட்டவர்கள். தண்டனையோ பலருக்கு இரண்டாண்டு, மூன்றாண்டு. அத்தனை பேரும் சில மாதங்களுக்குள் மாநிலத்துப் பொது மனநோய் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர்.

அம்மருத்துவமனைகளில் பெரும் கலக்கம். இவர்கள் யார்? இவ்வளவு காலம் பொது மருத்துவமனைக்கு ஆகாதவர் என்று நிபுணர்களாலேயே ஒதுக்கப்பட்டவர்கள். நாளை நம் கூடத்தில் வந்து படுக்கப் போகிறார்கள். பணியாளருக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். காவல் ஏற்பாடுகளைப் பற்றி ஆலோசித்தார்கள். கொலையும் கலகமும் நேரும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு.

ஓராண்டு கழிந்தது. 147 பேர் நோய் தணிந்து வீடு சென்றிருந்தனர். மருத்துவமனைகளில் எஞ்சியிருந்த 702 பேர் மற்ற நோயாளிகளைக் காட்டிலும் தனித் தொல்லை எதுவும் தரவில்லை. பாதுகாப்பு நிலையத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவர் என்று கண்டவர்கள் ஏழே ஏழு பேர்.

எண்ணிப் பார்த்தவர்கள்

ஹென்றி ஸ்டெட்மன், ஜோசப் கோகோஸா என்னும் இரு சமூகவியல் ஆய்வாளர் நியூயார்க் மனநலத் துறையில் இருந்தனர். இம்மாற்றத்தின் அருமையை அவர்கள் உணர்ந்தனர். ஆபத்தானவர் என்று சொல்லப்பட்டவரைத் திறந்துவிட்டு என்ன நடக்கிறதென்று பார்க்க எந்த மருத்துவரும் இசையமாட்டார். எந்த அரசும் அனுமதியாது. இங்கே நீதிமன்றமே திறந்துவிட்டிருக்கிறது. நான்கு ஆண்டுக் காலம் அந்நோயாளிகளின் பதிவேடுகளை அவர்கள் பின்தொடர்ந்தனர். 1974-இல் வந்த அவர்களுடைய நூல் இத்துறையில் ஒரு திருப்புமுனை.

967 பேருள், நான்கு ஆண்டில், பாதுகாப்பு நிலையத்துக்குத் திரும்பியவர் 26 பேர். நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நான்காண்டில் எப்போதேனும் ஒருமுறை எவரையேனும் தாக்கியிருந்தார். அவ்வளவே. இதைக் கண்டு ஆபத்தே இல்லையென்று ஆர்ப்பரித்தவர்களும் உண்டு. ஸ்டெட்மனும் கோகோஸாவும் அப்படிச் சொல்லவில்லை. அதுவே அவர்களின் பெருமை. அந்நோயாளிகளின் சராசரி வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது என்பதை அவர்கள் சுட்டிக் காட்டினர். முரட்டுத்தனம் முதுமையோடு தணிவது நோயாளிக்கு மட்டும் உரிய இயல்பன்று.

பின்னர் அவர்கள் ஒரு படி மேலே சென்றனர். முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? வெளியே விடப்பட்ட 98 பேரை எடுத்துக்கொண்டு, இளமையில் குற்றப் பதிவு உண்டா, எத்தனை முறை கைதானார், வன்முறைக்காகத் தண்டனை பெற்றாரா, கடைசிக் குற்றம் எவ்வளவு கொடியது என்னும் நான்கையும் மதிப்பெண்ணாக்கி, வயதையும் சேர்த்துப் பார்த்தனர். உயர்ந்த மதிப்பெண்ணும் ஐம்பதுக்குக் குறைந்த வயதும் உடையவர் 36 பேர். இவர்களுள் 11 பேர் பின்னர் வன்முறையில் ஈடுபட்டனர். மற்ற 62 பேருள் மூவர் மட்டுமே. ஆகவே மதிப்பெண் ஓரளவு வேலை செய்தது என்பது மெய். ஆனால் அந்த 36 பேரையும் பூட்டி வைத்திருந்தால்? பதினொருவரைத் தடுப்பதற்காக, ஒரு தீங்கும் செய்யாத இருபத்தைந்து பேர் உள்ளே கிடப்பர். கையிலிருந்த கருவிகளுள் சிறந்ததைக் கொண்டு பார்த்தாலே இந்தக் கதி. கருவியே இல்லாமல், உள்ளுணர்வைக் கொண்டு மட்டும் ஒதுக்கப்பட்ட அந்தப் பதினான்கு ஆண்டுகளின் கணக்கை என்னவென்பது!

இஃது ஒரு மாநிலத்தின் தற்செயல் என்று சொல்லிவிடவும் முடியாதபடி, 1971-இல் பென்சில்வேனியாவில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பார்வியூ மருத்துவமனையிலிருந்து 586 பேர் வெளிவந்தனர். தார்ன்பெரி, ஜாக்கபி இருவரும் அவர்களைப் பின்தொடர்ந்து 1979-இல் முடிவை வெளியிட்டனர். நான்காண்டில் பிறருக்கு ஊறு செய்தவர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினால்வர். நெடுங்கால ஆபத்தைப் பற்றி மருத்துவர் கூறும் முன்னறிவிப்பு மூன்றில் இரண்டு தவறும் என்று, 1983-ஆம் ஆண்டு ஒரு வழக்கில், அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கமே தலைமை நீதிமன்றத்திடம் தெரிவித்தது. தங்கள் தொழிலின் எல்லையைத் தாங்களே ஒப்புக்கொண்ட அரிய நிகழ்ச்சி அது. நீதிமன்றமோ அதனை ஏற்கவில்லை.

பாக்ஸ்ட்ராம் இவற்றில் எதையும் காணவில்லை. 1966 மே மாதத்தில் ஜூரர் விசாரணைக்குப் பின் விடுதலையானார். வலிப்பு நோய் உடைய அவர் சில வாரங்களுக்குள் காலமானார். டன்னமோரா நிலையம் 1972-இல் மூடப்பட்டது, மாட்டவான் 1977-இல்.

கேள்வி மாறியது

'இவன் ஆபத்தானவனா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே விடை. இரண்டும் ஆயுட்காலத்துக்கு ஒட்டிக்கொள்ளும். நியூயார்க்கின் எண்கள் வந்தபின் ஆராய்ச்சியாளர் கேள்வியை மாற்றிக் கேட்கலாயினர்: எந்த நிலையில் இவர் ஆபத்தானவர் ஆகிறார்? எதைச் செய்தால் அந்நிலை வாராமல் காக்கலாம்? இப்படிக் கேட்டவுடன் விவகாரம் பூட்டைவிட்டுப் பராமரிப்புக்கு வந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் யங்கின் வழக்கை அடுத்து 1972-இல் அமைந்த பட்லர் குழு, 1974-இன் இடைக்கால அறிக்கையிலேயே, பிராட்மூருக்கும் பொது மருத்துவமனைக்கும் இடையே நடுத்தரக் காவலுள்ள வட்டார நிலையங்கள் வேண்டும் என்றது. முழுப் பூட்டு அல்லது முழுத் திறப்பு என்றிருந்த இடத்தில் படிகள் வந்தன. யங் போன்றவரை ஒரே தாவலில் வெளியே விடாமல், படிப்படியாக இறக்கிப் பார்க்க இயலும். கனடாவில் 1995-இல் உருவான மதிப்பீட்டு முறையொன்று இருபது கூறுகளைப் பார்க்கச் சொல்கிறது. அவற்றுள் பத்து கடந்த காலத்தைப் பற்றியவை; மாற்ற முடியாதவை. ஐந்து இன்றைய மனநிலையைப் பற்றியவை. ஐந்து நாளைய வாழ்க்கை ஏற்பாடுகளைப் பற்றியவை. வீடு இருக்குமா, துணை இருக்குமா, மருத்துவத்துக்கு உடன்படுவாரா? பின்னைய பத்தும் செவிலியரும் மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து மாற்றக் கூடியவை. இம்முறை இப்போது பல நாடுகளில் வழங்குகிறது.

நெதர்லாந்தில் பிரான்ஸ் புளட்டர்ட் என்னும் ஆய்வாளர் செவிலியரிடமிருந்தே தொடங்கினார். வெடிப்பு ஒன்று நேர்வதற்கு முன் ஒவ்வொருவரிடமும் சில சிறு குறிகள் தோன்றும். ஒருவர் உறக்கம் இழப்பார், ஒருவர் பேச்சைக் குறைப்பார், ஒருவர் சிறு சொல்லுக்கும் சீறுவார். அக்குறிகளை நோயாளியும் செவிலியரும் அருகருகே அமர்ந்து எழுதிவைத்து, வாரந்தோறும் சேர்ந்து பார்த்து, குறி தோன்றும்போதே என்ன செய்வதென்று முன்பே உடன்பட்டிருப்பது அவர் முறை. நோயாளி தன் நோய்க்குத் தானே காவலன் ஆகிறான். 168 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, இம்முறை வந்தபின் வன்முறை நிகழ்ச்சிகளும் தனியறையில் அடைப்பதும் குறைந்தன.

இவ்வரிசையில் மிகத் துணிவான சோதனை பின்லாந்தின் குவோப்பியோ நகரத்து நியுவன்னியெமி மருத்துவமனையில் நடந்தது. கொடிய வன்முறைப் பின்னணியும் உளச்சிதைவு நோயும் உடைய ஆண்கள் தங்கும் கூடங்கள் அவை. தனியறையில் பூட்டுவதும், கட்டிலோடு கட்டுவதும் அங்கே நாள்தோறும் நடப்பவை. அவற்றைக் குறைத்தால் பணியாளர் அடிபடுவர் என்பது எங்கும் உள்ள அச்சம். நான்கு கூடங்களை எடுத்துக்கொண்டனர். குலுக்கல் முறையில் இரண்டு கூடங்களில் புதுமுறை, இரண்டில் பழையபடி. புதுமுறையில் விந்தை எதுவும் இல்லை. தலைமையில் உள்ளோர் பொறுப்பேற்பது, நிகழ்ச்சிகளை எண்ணிப் பதிவது, பணியாளரைப் பயிற்றுவது, எது தன்னை அமைதிப்படுத்தும் என்று நோயாளியிடமே கேட்டு வைப்பது, திட்டமிடுவதில் நோயாளியைச் சேர்ப்பது, ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் அடைக்கப்பட்டவரோடும் அடைத்தவரோடும் அமர்ந்து பேசுவது.

2013-இல் முடிவு வெளிவந்தது. புதுமுறைக் கூடங்களில், அடைப்போ கட்டோ நெருங்கிய காவலோ இருந்த நாள்கள் நூற்றுக்கு முப்பதிலிருந்து பதினைந்தாக இறங்கின. பழைய முறைக் கூடங்களில் இருபத்தைந்திலிருந்து பத்தொன்பது. நூறு நோயாளி நாள்களுக்குக் கணக்கிட்டால், அடைத்தும் கட்டியும் வைத்த நேரம் புதுமுறைக் கூடங்களில் 110 மணியிலிருந்து 56 மணியாயிற்று. பழைய முறைக் கூடங்களில் அதே காலத்தில் 133 மணியிலிருந்து 150 மணியாக ஏறியது. எல்லோரும் எதிர்பார்த்து அஞ்சிய வன்முறைப் பெருக்கம் வரவில்லை. கட்டுகளைத் தளர்த்திய கூடங்களில் வன்முறை குறைந்திருந்தது.